மீனிங் தெரியும், வாக்கியம்தான் உதைக்கிறது

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் மெஷின் பார்ட்ஸ் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி கேட்டிருக்கிறார். தினமும் முப்பது ஆங்கில வார்த்தைகளைத் தமிழ் அர்த்தத்தோடு மனப்பாடம் செய்கிறாராம், ஆறு மாதமாக. யாராவது எழுதியதைப் படித்தால் புரிகிறது, தானே எழுதினால் மேனேஜர் சிரிக்கிறார். ஜெர்மனியில் இருக்கும் கஸ்டமருக்கு அவர் எழுதி, அனுப்பும் முன்பே மாட்டிக்கொண்ட மெயிலையும் கொடுத்திருக்கிறார்:

"ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டிராயிங். வி ஆர் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை சின்ஸ் டூ வீக்ஸ். ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் மீ தி சேஞ்சஸ் அண்ட் வி வில் டிஸ்கஸ் அபவுட் இட் டுடே இட்செல்ஃப்."

இதில் எந்த வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாது, சொல்லுங்கள் பார்ப்போம் என்று கொஞ்சம் கோபமாகவே கேட்கிறார். நியாயமான கோபம். எல்லா வார்த்தைக்கும் அவருக்கு அர்த்தம் தெரியும். நான் சைதாப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி ஷெட்டில் பத்தொன்பது வருடம் மாலை வகுப்பு எடுத்தவன், அதற்கு முன்னால் ஒரு அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவன், இந்த மெயிலை இதே வடிவத்தில் ஆயிரம் தடவையாவது பார்த்திருப்பேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படியுங்கள், பாதித் தப்பு காதிலேயே இடறும்.

தம்பி, அந்த முப்பது வார்த்தையை நாளையிலிருந்து நிறுத்துங்கள். ஏன் என்று ஆங்கிலத்தை விட்டுவிட்டு உங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தே சொல்கிறேன். அம்மா கத்தரிக்காயை நறுக்குவார், கீரையை ஆய்வார், கறிவேப்பிலையை உருவுவார், கொத்தமல்லியைக் கிள்ளிப் போடுவார், தேங்காயை உடைப்பார், முருங்கைக்காயை ஒடிப்பார், பலாப்பழத்தை அறுப்பார், வாசலில் இருக்கும் செம்பருத்தியைப் பறிப்பார். தமிழ் கற்றுக்கொள்ளும் ஒரு ஜெர்மன்காரர் 'வெட்டு' என்ற ஒரே வார்த்தையை அர்த்தத்தோடு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, "நான் கீரையை வெட்டினேன், பூவை வெட்டினேன், தேங்காயை வெட்டினேன்" என்றால் உங்களுக்குப் புரியும், ஆனால் சிரிப்பு வரும் இல்லையா? உங்கள் மேனேஜர் சிரித்தது அந்தச் சிரிப்புதான். அந்த ஜெர்மன்காரருக்கு வெட்டு என்றால் என்னவென்று தெரியும். எது எதோடு வெட்டு போகும், எதோடு போகாது என்பதுதான் தெரியாது. வார்த்தைக்கு அர்த்தம் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி அதுதான்.

ஆங்கிலத்திலும் அப்படியே. மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்', டீ 'ஸ்ட்ராங்', டிராஃபிக் 'ஹெவி'. 'ஸ்ட்ராங் ரெயின்' என்றால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் அப்படி யாரும் சொல்வதில்லை. நம்முடைய 'பண்ணு'வை எடுங்கள். போன் பண்ணு, கல்யாணம் பண்ணு, தப்பு பண்ணு, ஹோம்வொர்க் பண்ணு என்று எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. ஆங்கிலத்தில் தப்பு என்றால் 'மேக்', ஹோம்வொர்க் என்றால் 'டூ', போட்டோ என்றால் 'டேக்', கல்யாணம் என்றால் 'கெட் மேரீட்'. ஏன் அப்படி என்று கேட்டால் பதில் கிடையாது, கீரையை ஏன் ஆய்கிறோம் என்பதற்கும்தான் பதில் கிடையாது. ஃபர்த் என்று ஒரு பிரிட்டிஷ் மொழியியல் பேராசிரியர், லாகூரில் பாடம் எடுத்தவர், தமிழ் உச்சரிப்பைப் பற்றிக்கூட 1934-ல் ஒரு சிறு குறிப்பு எழுதியவர், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளை வைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்ற பொருளில் 1957-ல் ஒரு வரி எழுதினார். இன்றைக்கும் அகராதிக்காரர்கள் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

இப்போது உங்கள் மெயிலுக்கு வருகிறேன். முதல் குண்டு 'டவுட்'.

பள்ளிக்கூடத்தில் கை தூக்கி "சார், ஒரு டவுட்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நமக்கு டவுட் என்றால் கேள்வி, விளக்கம் தேவை, அவ்வளவுதான். நம் ஊர் ஆபீசில் இது ஓடும், எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆனால் இந்தப் பழக்கம் இல்லாத ஒருவர் காதில் 'டவுட்' என்பது நம்பிக்கைக் குறைவு. உங்கள் டிராயிங்கில் எனக்கு டவுட் என்று அந்த ஜெர்மன்காரரிடம் சொன்னால், நீ வரைந்தது சரியில்லை என்று நினைக்கிறேன் என்றுதான் அவருக்குப் படும். நீங்கள் கேட்க வந்தது ஒரு அளவைப் பற்றி, அவருக்கு விழுந்தது ஒரு குட்டு.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. தமிழில் 'சந்தேகம்' இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. "அவன் வருவானா என்பது சந்தேகம்" என்றால் வரமாட்டான் என்று நினைக்கிறோம். "பணத்தை அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகம்" என்றால் எடுத்திருப்பான் என்று நினைக்கிறோம். ஒரே வார்த்தை, எதிரெதிர் திசை. ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரித்துவிட்டது, முதலாவதுக்கு 'டவுட்', இரண்டாவதுக்கு 'சஸ்பெக்ட்'. "ஐ டவுட் ஹி டுக் தி மணி" என்றால் அவன் எடுத்திருக்க மாட்டான் என்று அவனுக்குப் பரிந்து பேசுகிறீர்கள். "ஐ சஸ்பெக்ட் ஹி டுக் தி மணி" என்றால் அவனைக் காட்டிக்கொடுக்கிறீர்கள். என்னிடம் படித்த ஒருவர் ஸ்டோர்சில் காணாமல் போன சரக்கைப் பற்றி ரிப்போர்ட் எழுதும்போது, யார் மேல் தனக்குச் சந்தேகமோ அந்த ஆளின் பெயரைப் போட்டு 'ஐ டவுட்' என்று எழுதி, அந்த ஆளுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்தார். 'டவுட் = சந்தேகம்' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார், அது தப்பும் இல்லை. ஒரு சமக்குறியை வைத்துக்கொண்டு இதற்கு மேல் போக முடியாது, அவ்வளவுதான்.

'பார்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள், சும்மா வேடிக்கைக்கு. டிவி பார்த்தால் 'வாட்ச்', டாக்டரைப் பார்த்தால் 'சீ', இங்கே பார் என்றால் 'லுக்', குழந்தையைப் பார்த்துக்கொண்டால் 'லுக் ஆஃப்டர்', வேலை பார்த்தால் 'வொர்க்', ருசி பார்த்தால் 'டேஸ்ட்', செய்து பார்த்தால் 'ட்ரை', பெண் பார்க்கப் போனால் ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுத வேண்டும். பார் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்ற கேள்வியே தப்பு. எதைப் பார்க்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்ட பிறகுதான் பதில் சொல்ல முடியும். அந்தப் பக்கமும் இதே கதைதான், 'ரன்' என்ற ஒரு வினைக்கு மட்டும் ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதிக்காரர்கள் 600-க்கு மேல் பொருள் பிரித்திருக்கிறார்கள். ஓடு என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? கடை 'ரன்' பண்ணுகிறார்கள், மூக்கு 'ரன்' ஆகிறது, பால் தீர்ந்தால் 'ரன் அவுட்'.

கடன் இன்னும் சுவாரசியம். வகுப்பில் "கேன் ஐ லெண்ட் யுவர் பென்?" என்ற வாக்கியம் மாதம் ஒரு முறையாவது வரும். கடன், இரண்டு பக்கமும் கடன்தானே என்ற நினைப்பு. தமிழில் கடன் வாங்கு, கடன் கொடு என்று திசையை அடுத்த வார்த்தை காட்டிவிடுகிறது, ஆங்கிலத்தில் திசை வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. வாங்கினால் 'பாரோ', கொடுத்தால் 'லெண்ட்'. இதைப் பார்த்துவிட்டு ஆங்கிலம் ரொம்ப நுணுக்கமான மொழி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாம் பணமென்றால் கடன் என்கிறோம், பேனா, புத்தகம், புடவை என்று அதே பொருள் திரும்ப வர வேண்டுமென்றால் இரவல் என்கிறோம், சம்பளம் வரும்வரை பக்கத்து வீட்டில் வட்டியில்லாமல் வாங்கினால் கைமாற்று என்கிறோம். இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே 'பாரோ' விழுங்கிவிடும். ஒவ்வொரு மொழியும் தனக்கு வேண்டிய இடத்தில் கோடு போட்டுக்கொள்கிறது, ஒரு மொழி கோடு போட்ட இடத்திலேயே இன்னொன்றும் போடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

சரி, மெயிலின் இரண்டாவது வரி. 'சின்ஸ் டூ வீக்ஸ்'. இதற்குத் தமிழே உதவி செய்யும், யாரும் சொல்லித் தருவதில்லை. "ரெண்டு வாரமா காத்திருக்கோம்" என்றால் அளவு, அது 'ஃபார்'. "திங்கட்கிழமையிலிருந்து காத்திருக்கோம்" என்றால் தொடக்கம், அது 'சின்ஸ்'. '-ஆக' வந்தால் ஃபார், '-லிருந்து' வந்தால் சின்ஸ் என்று வைத்துக்கொண்டால் பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கும். இன்னொரு சிக்கல், இரண்டு வாரமாகக் காத்திருக்கிறோம் என்பது தமிழில் நிகழ்காலம், அதனால் நீங்கள் 'வி ஆர் வெயிட்டிங்' என்று எழுதிவிட்டீர்கள். முன்னாலேயே தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் காரியத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹேவ் பீன்' வேண்டும். "வி ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ வீக்ஸ்."

'இரு' நம்மை இன்னொரு இடத்திலும் மாட்டிவிடும். "கார் வைத்திருக்கிறேன்" என்பதில் 'இருக்கிறேன்' காதில் விழுவதால் "ஐ ஆம் ஹேவிங் எ கார்" என்று வந்துவிடுகிறது. 'ஹேவ்' உடைமையைச் சொல்லும்போது ஐஎன்ஜி சேராது. சாப்பாட்டுக்குச் சேரும், "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்". ஆகவே ஒருவர் "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்றால் கேட்பவருக்கு ஒரு கணம் தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றும்.

மூன்றாவது வரியில் ஒரே இனத்துப் பிழை இரண்டு. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ', 'டிஸ்கஸ் அபவுட்'. வார்த்தைக்கு ஒரு வால் இருக்கும், சிலவற்றுக்கு இருக்காது, அது பிறவியிலேயே வருவது. "எனக்கு விளக்குங்கள்" என்று தமிழில் 'எனக்கு' முன்னால் வந்துவிடுவதால் அதையே கொண்டுபோய் ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் விளக்கப்படும் பொருள்தான் எக்ஸ்ப்ளெய்னை ஒட்டி வரும், ஆள் 'டு' போட்டுக்கொண்டு பின்னால் வருவார். "எக்ஸ்ப்ளெய்ன் தி சேஞ்சஸ் டு மீ." 'டெல்' இதற்கு நேர்மாறு, அதற்கு ஆள் பக்கத்திலேயே உட்கார வேண்டும், "டெல் மீ". அதே அர்த்தம்தான் என்று நினைத்து 'சே மீ' என்றால் போச்சு. டிஸ்கஸுக்கு வால் கிடையாது. அதைப் பற்றி விவாதித்தோம் என்பதில் இருக்கும் 'பற்றி' ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது, வெளியே இன்னொரு 'அபவுட்' தேவையில்லை. 'ரிட்டர்ன் பேக்' அதே கதை, திரும்பத் திரும்பி வந்தான் என்பது போல. நேர்மாறாக, வால் இருக்க வேண்டியதில் நாம் வெட்டுவதும் உண்டு, "லிசன் மீ" என்பார்கள், 'டு' வேண்டும். கணக்கில் கெட்டி என்று நாம் 'இல்' போடுவதால் 'குட் இன் மேத்ஸ்' என்கிறோம், அவர்கள் 'அட்' என்கிறார்கள். அவரோடு கல்யாணம் என்பதால் 'மேரீட் வித்' என்கிறோம், அவர்கள் 'டு' என்கிறார்கள். வார்த்தையை வாலோடு சேர்த்து மனதில் போட்டுக்கொண்டால்தான் உண்டு, தனியாக 'அட் என்றால் என்ன' என்று யோசித்தால் ஆயுசு போதாது.

அதே வரியில் வரும் 'டுடே இட்செல்ஃப்' தமிழ் ஏகாரம். இன்றே, இங்கேயே, இப்போதே என்று நாம் ஒரு எழுத்தில் அழுத்துவதை ஆங்கிலத்தில் குரலால் அழுத்துவார்கள், எழுத்தில் பெரும்பாலும் சும்மா 'டுடே' போதும். "அவர்தான் சொன்னார்" என்பதை "ஹி ஒன்லி டோல்டு" என்பதும் இதே குடும்பம். சென்னையில் யாரிடமும் இது புரியாமல் போகாது, வெளியே போனால் 'அவர் சொன்னார், வேறெதுவும் செய்யவில்லை' என்று கேட்கும்.

உங்கள் மெயிலில் இல்லாத, ஆனால் சீக்கிரமே வரப்போகிற சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். 'போரிங்', 'போர்டு'. நமக்குப் போர் அடிக்கிறது, யாருக்கு அடிக்கிறது எதனால் அடிக்கிறது என்பது பிரச்சினையே இல்லை. "ஐ ஆம் போரிங்" என்றால் நான் ஒரு அறுவை கேஸ் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அனுபவிக்கிறவன் 'போர்டு', அறுக்கிறது 'போரிங்'. 'ஹார்ட்லி' இன்னும் ஆபத்து. மகனுக்கு வேலை கேட்டு ஒரு அப்பா எழுதிய கடிதத்தை நான் திருத்தியிருக்கிறேன், "மை சன் ஹார்ட்லி வொர்க்ஸ்" என்று பாசத்தோடு எழுதியிருந்தார். கடுமையாக உழைப்பான் என்று சொல்ல நினைத்தார், அர்த்தம் என்னவோ பயல் வேலையே செய்வதில்லை என்று. ஹார்டு என்றே விட்டிருந்தால் போதும். அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், எக்விப்மெண்ட் இவற்றுக்கெல்லாம் கடைசியில் எஸ் சேர்க்காதீர்கள், ரெண்டு மோர்கள் கொடுங்கள் என்று நாம் கேட்பதில்லையே.

மோர் என்றதும் நினைவுக்கு வருகிறது, மீல்ஸ். நம் ஊரில் "ஒரு மீல்ஸ்" என்றால் இலையில் பரிமாறும் ஒரு சாப்பாடு, எஸ் இருந்தாலும் ஒருமை. அந்த மீல்ஸ் கிடைக்கிற இடம் 'ஹோட்டல்', அங்கே படுக்கை இருக்காது. வெளியூர்க்காரர் ஒருவரிடம் "ஹோட்டலில் சாப்பிட்டேன்" என்றால் அறை எடுத்துத் தங்கினீர்களா என்பார். சென்னைத் தமிழுக்குள் வந்து குடியேறிய ஆங்கில வார்த்தைகள் ரேஷன் கார்டு வாங்கிக்கொண்டு நம்மவர்களாகவே ஆகிவிட்டன, அவற்றைத் திருப்பி ஆங்கிலத்துக்கு அனுப்பினால் அங்கே யாருக்கும் அடையாளம் தெரியாது. காரின் பின்பக்க டிக்கி பிரிட்டனில் 'பூட்', அமெரிக்காவில் 'ட்ரங்க்'. ஸ்டெப்னி என்று நாம் சொல்லும் உபரி டயர், வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் ஒரு கம்பெனி செய்து விற்ற சக்கரத்தின் பெயர், அங்கே அந்தப் பெயரை மறந்துவிட்டார்கள், மவுண்ட் ரோடு மெக்கானிக்குகள் மறக்கவில்லை. படித்து முடித்தவரை நாம் 'பாஸ் அவுட்' என்போம், வெளியே அதற்கு மயங்கி விழுந்தார் என்று அர்த்தம். இந்தப் பக்கத்திலிருந்து போனதும் அப்படித்தான் உருமாறியது. காசிமேட்டில் கட்டுமரம் என்றால் மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டியது, அந்தப் பெயரே 'கேட்டமரான்' என்று ஆங்கிலத்துக்குப் போய் இரட்டை உடல் கொண்ட படகாகிவிட்டது, லட்சக்கணக்கில் விலை போகும் உல்லாசப் படகுக்கும் அதே பெயர்.

சென்னைச் சுவர்களில் 'ஸ்டிக் நோ பில்ஸ்' என்று எழுதியிருக்குமே, அதை நான் பத்தாவது படிக்கும்வரை மளிகைக்கடை பில்லை யாரும் இங்கே ஒட்டாதீர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், யார் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள் என்ற ஆச்சரியம் வேறு. அங்கே பில் என்றால் நோட்டீஸ். சட்டசபையில் பில் என்றால் மசோதா. பறவைக்கு பில் என்றால் அலகு. சுவரைப் பார்த்தால் ஒன்று, சட்டசபையைப் பார்த்தால் ஒன்று. இடம்தான் அர்த்தம் சொல்கிறது.

மரியாதை வித்தியாசம் தனி. சுவரொட்டியில் 'இயற்கை எய்தினார்' என்போம், 'சிவலோக பதவி' என்போம், பேப்பரில் 'காலமானார்', வீட்டில் 'தவறிட்டார்', பிடிக்காதவன் என்றால் 'மண்டையைப் போட்டான்'. அர்த்தம் ஒன்று, மாற்றிப் போட்டால் அடி விழும். ஆங்கிலத்தில் 'டைடு' என்பது அவமரியாதை இல்லை, சாதாரணச் சொல். இதமாகச் சொல்ல 'பாஸ்டு அவே'. நம்மவர்கள் மரியாதை என்று நினைத்து எழுதும் 'எக்ஸ்பயர்டு' மற்ற ஊர்களில் பெரும்பாலும் பாஸ்போர்ட்டுக்கும் பால் பாக்கெட்டுக்கும் வரும். இந்த நுட்பம் நமக்குப் புதிதே இல்லை, ஈ, தா, கொடு மூன்றும் ஒரே அர்த்தம்தான், ஆனால் தாழ்ந்தவன் கேட்டால் ஈ, சமமானவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு என்று தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. பள்ளியில் மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்துவிட்டோம்.

இந்திய ஆங்கிலம் கேவலம் என்று சொல்ல வரவில்லை. 'ப்ரீபோன்' அருமையான வார்த்தை, போஸ்ட்போனுக்கு எதிர்ப்பதம் வேண்டியிருந்தது, பயன்படுத்தினோம், இப்போது அகராதிகளிலும் இந்திய வழக்கு என்ற குறிப்போடு இருக்கிறது. பதில் போடுங்கள் என்பதற்கு 'ரிவர்ட்' என்று எழுதுவதும் நம் ஆபீஸ்களில் நிலைத்துவிட்டது. கோயம்புத்தூர் கிளைக்கு மெயில் என்றால் தாராளமாக எழுதுங்கள். ஜெர்மனிக்கு என்றால் 'ரிப்ளை' என்று போடுங்கள், ரிவர்ட் என்றால் பழைய நிலைக்கே திரும்பிப் போவது என்று அவர் குழம்பக்கூடும்.

அப்புறம், எதை வைத்துப் படிப்பது. இருமொழி அகராதிமேல் எனக்கு மரியாதை உண்டு, இந்த ஊருக்கே அதில் பழைய பெருமை இருக்கிறது. பாப்ரீசியஸ் என்ற ஜெர்மன் பாதிரியாரின் தமிழ்-ஆங்கில அகராதி 1779-ல் வேப்பேரியில் அச்சானது, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ் அகராதி சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் 1960-களில் வந்தது, மொழிபெயர்ப்பு வேலையில் அது இல்லாமல் எனக்குக் கை ஓடாது. ஆனால் அவை வாசிக்கிறவனுக்கும் மொழிபெயர்க்கிறவனுக்கும் உதவும். ஒரு ஆங்கில வார்த்தைக்கு எதிரே கமா போட்டு ஐந்தாறு தமிழ் வார்த்தை இருக்கும், நீங்கள் முதலாவதை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு மூடிவிடுவீர்கள். எழுதப் பழகுகிறவனுக்கு வேண்டியது ஆங்கிலம்-ஆங்கிலம் அகராதி, அதிலும் ஆங்கிலத்தைப் பிறகு கற்றுக்கொள்பவர்களுக்கென்றே செய்த ரகம். ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் பாடம் நடத்தும்போது, எந்த வார்த்தைக்கு எஸ் வரும், எதற்குப் பின்னால் என்ன வரும் என்று மாணவர்கள் தடுமாறுவதைப் பார்த்து, கூட்டாளிகளுடன் சேர்ந்து 1942-ல் அங்கேயே ஒன்று வெளியிட்டார். அதுதான் பின்னால் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி ஆனது. லாங்மேன் பதிப்பகம் 1978-ல் தன் அகராதியில் விளக்கங்களை எல்லாம் சுமார் 2000 எளிய வார்த்தைகளுக்குள்ளேயே எழுதியது. கோபில்டு என்ற இன்னொரு அகராதி 1987-ல் ஒவ்வொரு வார்த்தைக்கும் முழு வாக்கியத்திலேயே விளக்கம் கொடுத்தது, டீச்சர் எதிரே உட்கார்ந்து சொல்வது போல இருக்கும். இவை எல்லாம் இன்று போனிலேயே கிடைக்கின்றன. ஆறு மாதம் முப்பது முப்பதாகப் படித்த உங்களுக்கு அந்த 2000 வார்த்தை கண்டிப்பாகத் தெரியும், அதனால் எனக்கு இங்கிலீஷ்-இங்கிலீஷ் புரியாது என்ற சாக்கு வேண்டாம்.

அதைத் திறந்தால் அர்த்தத்தை முதலில் படிக்காதீர்கள். சாய்வெழுத்தில் இருக்கும் உதாரண வாக்கியங்களைப் படியுங்கள், மூன்று நான்கு படித்தால் வார்த்தை யாரோடு சேர்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு பக்கத்தில் இருக்கும் சின்னக் குறிகள். சி என்றால் எண்ணலாம், யு என்றால் எண்ண முடியாது, அட்வைஸுக்கு யு போட்டிருக்கும். 'எக்ஸ்ப்ளெய்ன் ஸம்திங் டு ஸம்படி' என்று வால் தெளிவாகக் காட்டியிருக்கும். அர்த்தம் கடைசி.

நோட்டில் முப்பது வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் அன்றைய நாளில் நடந்ததை வைத்து ஒரு வாக்கியம். 'பாரோ' என்றால், இன்று காலை யாரிடம் எதை இரவல் வாங்கினீர்களோ அதை எழுதுங்கள், "ஐ பாரோடு எ வெர்னியர் ஃப்ரம் தி டூல் ரூம்" என்பது போல. 'ஃப்ரம்' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். தமிழ் எழுதினால் முழு வாக்கியத்துக்கும் எழுதுங்கள், ஒற்றை வார்த்தைக்கு எதிரே சமக்குறி மட்டும் போடாதீர்கள். ஒரு வாரம் கழித்துத் தமிழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்து ஆங்கிலத்தைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள், எங்கே இடறுகிறீர்கள் என்று தெரியும்.

எழுதிய பிறகு சந்தேகம் வந்தால் (பார்த்தீர்களா, சந்தேகம்), அந்த மூன்று நான்கு வார்த்தைகளை மட்டும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டுக் கூகுளில் தேடுங்கள். வருகிற வாக்கியங்கள் எந்த ஊரில், எந்த மாதிரி இடத்தில் எழுதப்பட்டவை என்று பாருங்கள், எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். மொழிபெயர்க்கும் ஆப்பில் தமிழைக் கொடுத்து ஆங்கிலத்தை வாங்கி அப்படியே ஒட்டுவது எனக்குப் பிடிக்காது, தப்பாக வரும் என்பதால் அல்ல, இப்போதெல்லாம் நன்றாகவே வருகிறது, ஆனால் அதில் உங்கள் தலைக்குள் எதுவும் தங்காது. நீங்கள் எழுதியதைக் கொடுத்து எங்கே இடறுகிறது என்று கேட்பது வேறு, அது நல்ல பழக்கம். இங்கிலீஷ் பேப்பர் தினமும் படி என்று எல்லா மாமாக்களும் சொல்வார்கள், படியுங்கள், ஆனால் தலைப்புகளை விட்டுவிடுங்கள். நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதும் மொழி அது, மெயிலுக்கு ஆகாது.

உங்கள் மெயிலை நான் எழுதினால் இப்படி வரும்:

"ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் யுவர் டிராயிங். வி ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை ஃபார் டூ வீக்ஸ். குட் யூ ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் தி சேஞ்சஸ் டு அஸ்? வி குட் டிஸ்கஸ் தெம் டுடே."

காலையில் ஆபீசுக்கு வந்ததும் அனுப்பினால் அந்தக் கடைசி 'டுடே'வுக்குப் பதில் ஒரு நேரம் குறிப்பிடுங்கள். நமக்கு மணி ஒன்பது என்றால் அவர் இன்னும் எழுந்திருக்கவே மாட்டார்.